வீட்டுத் தச்சுவேலைக்கு ஏற்ற மின்வாள்

தச்சுவேலை தொழிலாளருக்கு மாத்திரம் உரியதன்று. பிள்ளைகளுக்கு ஒரு புத்தகத் தட்டு, சமையலறைக்கு ஒரு பலகை, சுவாமி அறைக்கு ஒரு சிறு மாடம் என்று, ஓய்வு நேரத்திலே தம் கையாலேயே செய்துகொள்ள விரும்புவோர் பல வீடுகளில் இருக்கின்றனர். கைவாளும் உளியும் சீவுளியும் இருந்தால் நேரான வேலைகள் பலவற்றை முடித்துவிடலாம். ஆனால், பலகையின் விளிம்பை வளைவாக வெட்டவேண்டி வரும்போதும், பலகையின் நடுவே ஒரு துவாரத்தை அறுத்தெடுக்கவேண்டி வரும்போதும் கைவாள் உதவாது. வில்வாள் ஓரளவுக்கு உதவும். எனினும், அதன் சட்டம் எட்டும் தூரத்துக்கு அப்பால் அது செல்லமாட்டாது. இக்குறையைத் தீர்ப்பதே ஜிக்சோ எனப்படும் சிறிய மின்வாள்.

இக்கருவி கடைகளிலே பல விலைகளில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் விலையிலே பன்மடங்கு வேறுபாடு காணப்படும். அளவான வருவாயுள்ள குடும்பத்தவர் இதனை அடிக்கடி வாங்குவதில்லை; சிறிது சிறிதாகச் சேர்த்த பணத்தைக் கொண்டு ஒரு முறையே வாங்குவர். ஆதலின், எதனைப் பார்த்து வாங்கவேண்டும், எதனைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்பதைக் கடைக்குப் போகுமுன்னரே அறிந்திருத்தல் நன்று.

இதன் பிறப்பு வரலாறு சுவையானது. இதன் இயல்பையும் அது விளக்குகிறது. 1946ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்து நாட்டின் சிந்தில்லா நிறுவனத்தைச் சேர்ந்த அல்பேட் கௌப்மன் என்னும் பொறியியலாளர், தம் மனைவியாரின் தையல் இயந்திரத்தில் ஊசி இருந்த இடத்திலே ஒரு வாளலகைப் பொருத்திப் பார்த்தார் என்பது வரலாறு. அடுத்த ஆண்டிலேயே, கையிற் பிடித்து அறுக்கும் மின்வாளாக அது விற்பனைக்கு வந்தது. தையல் ஊசி மேலும் கீழும் பாய்ந்துகொண்டே துணியின் வளைவுகளைப் பின்பற்றுவது போல, இவ்வாளின் ஒடுங்கிய அலகும் மேலும் கீழும் அசைந்துகொண்டே கோட்டின் வளைவுகளைப் பின்பற்றுகிறது.

அலகு மேற்புறத்தில் மாத்திரமே பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ் முனைக்குப் பிடிப்பு இல்லை. வளைந்து செல்லும் ஆற்றலை இதற்கு அளிப்பதும் இந்த அமைப்பே. இதன் குறைகளுக்கெல்லாம் காரணமும் இந்த அமைப்பே. அலகு ஒடுக்கமாக இருப்பதால் வளைவில் எளிதாகத் திரும்புகிறது. கீழ் முனை தனித்து நிற்பதால், தடித்த மரத்தில் அது தன்போக்கிலே விலகிச் செல்கிறது. மேற்பரப்பிலே கோட்டின்மேல் சரியாகச் சென்ற வெட்டு, பலகையைப் புரட்டிப் பார்க்கும்போது கோணலாக இருப்பது இதனாலேயாம். அலகை எவ்வளவு உறுதியாகவும் நிமிர்வாகவும் பிடித்திருக்கிறது என்பதே ஒரு ஜிக்சோவின் தரத்தை அளக்கும் முதல் அளவுகோல்.

விளம்பரங்களில் முதலிலே கண்ணிற்படுவது வாற்று அளவு. அது மோட்டார் உட்கொள்ளும் மின்வலுவைக் குறிக்குமேயன்றி, வெட்டின் நேர்த்தியைக் குறிக்காது. வீட்டு வேலைக்கு 500 முதல் 700 வாற்று வரை தாராளமாகப் போதும். பெட்டியின்மேல் 80 மில்லிமீற்றர் தடிப்பு வரை அறுக்கும் என்று அச்சிட்டிருந்தாலும், மலிவான கருவியிலே 25 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வன்மரத்தில் நேர்த்தியான வெட்டை எதிர்பார்ப்பது வீண்.

கடையிலே கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது நான்கு உறுப்புகளைச் சோதித்தல் வேண்டும். முதலாவது அடித்தட்டு. மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த அடித்தட்டு, ஒரு முறை கீழே விழுந்தாலும் நெளிந்துவிடும். வார்ப்பு அலுமினியத்தாற் செய்தது நிலைத்து நிற்கும். கருவியை ஒரு கையாலும் தட்டை மறு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தால், ஆட்டம் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, அலகின் முதுகைத் தாங்கும் சிறு உருளை. அது அலகைத் தொட்டுக்கொண்டு, தளர்வின்றிச் சுழலவேண்டும். மூன்றாவது, அலகைக் கவ்வும் பிடி. அதில் ஓர் அலகை மாட்டி, மூலைமட்டத்தை அடித்தட்டின்மேல் வைத்துப் பார்த்தால், அலகு செங்குத்தாக நிற்கிறதா என்பது ஒரு நிமிடத்தில் விளங்கும். நான்காவது வேகக் கட்டுப்பாடு. பெரும்பாலான கருவிகள் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 தடவை வரை அசையும். மரத்துக்கு அவ்வேகம் ஏற்றதாயினும், பிளாஸ்ரிக்குக்கும் உலோகத் தகட்டுக்கும் வேகத்தைக் குறைக்கவேண்டும். இல்லையேல் பிளாஸ்ரிக் உருகி ஒட்டிக்கொள்ளும், அலகும் சூடேறி மழுங்கும்.

சில கருவிகளிலே ஊசல் அசைவு என்றொரு வசதி உண்டு. அலகு மேலே ஏறும்போது சிறிது முன்னே தள்ளப்பட்டு, கீழே இறங்கும்போது பின்வாங்குவதே அது. இதனால் வெட்டு விரைவாகும். ஆனால் விளிம்பு சிலும்பும். பருமட்டான வேலைக்கு இதனைப் பயன்படுத்தலாம். ஒட்டுப்பலகைக்கும் நுண்ணிய வளைவுக்கும் இதனை நிறுத்திவைக்கவேண்டும். மின்கலத்தால் இயங்கும் வகை எங்கும் எடுத்துச் செல்லத்தக்கது. எனினும், மின்கலத்துக்கும் மின்னேற்றிக்கும் தனியே பணம் செலவாவதால், வீட்டிலே மின்னிணைப்பு உள்ளவருக்கு வயருள்ள கருவியே சிக்கனமானது.

வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய கருவியை உபயோகிப்போர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இலங்கையின் மின்விநியோகம் 230 வோல்ற்று. கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கப்படும் கருவிகள் 120 வோல்ற்றுக்கு அமைந்தவை. அத்தகைய கருவியை இங்கே நேரடியாகப் பொருத்தினால், சிறிது நேரத்திலேயே மோட்டார் எரிந்துபோகும். இங்கிலாந்திலிருந்து வரும் கருவிகளுட் பலவும் 230 வோல்ற்றுக்கே உரியவை. ஆயினும், கட்டட வேலைத்தலங்களுக்கென 110 வோல்ற்றுக் கருவிகளும் அங்கே விற்கப்படுகின்றன. கருவியின் பக்கத்தில் ஒட்டியுள்ள பெயர்த்தகட்டைப் படித்துப் பார்த்த பின்னரே இணைப்புக் கொடுத்தல் வேண்டும்.

இனி, அலகைப் பற்றிச் சிறிது விரிவாக அறிதல் அவசியம். விலையுயர்ந்த கருவியில் மழுங்கிய அலகைப் பூட்டி அறுப்பதைக் காட்டிலும், நடுத்தரமான கருவியில் நல்ல அலகைப் பூட்டி அறுப்பது எவ்வளவோ மேலானது. அங்குலத்துக்கு ஆறு முதல் பத்துப் பல்லுள்ள அலகு மரத்தை விரைவாக அறுக்கும். பன்னிரண்டுக்கு மேற்பட்ட நுண்பல் அலகு மெதுவாகச் சென்று வழவழப்பான விளிம்பைத் தரும். சிறு வளைவுகளுக்கு அகலம் குறைந்த அலகு தனியே உண்டு. சாதாரண உருக்கு அலகு மென்மரத்துக்குப் போதும். பழைய கதவு, பெட்டி முதலியவற்றிலிருந்து கழற்றிய பலகையில் ஆணி மறைந்திருக்கக்கூடும். ஆணிகளைத் தேடிப் பிடுங்கிய பின்னரும், இருவகை உலோகத்தாலான உறுதியான அலகைப் பூட்டுவதே பாதுகாப்பு. பனைமரத்தின் வைரம் எந்த அலகையும் விரைவில் மழுங்கச் செய்யும்.

அலகின் காம்பும் கவனத்துக்குரியது. ஆங்கில எழுத்தான ‘ரீ’ போன்று தலையில் இருபுறமும் காது நீட்டிய காம்பே இன்று பெரும்பாலும் வழங்குகிறது. பழைய கருவிகள் சில ‘யூ’ வடிவக் காம்பை மாத்திரம் ஏற்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கருவியை வாங்கியவர், பின்னர் அதற்குரிய அலகைத் தேடி அலையவேண்டி வரலாம். பாவித்த கருவியை வாங்குவோர் வயரின் உறையையும், மோட்டாரின் காபன் தூரிகைகளின் தேய்வையும் பார்ப்பதோடு, அதற்குரிய உதிரிப்பாகங்கள் ஊரிலே கிடைக்குமா என்பதையும் விசாரித்தல் வேண்டும்.

வாங்கிய கருவியைப் பயன்படுத்தும் முறையில் ஓர் உண்மையை மறத்தலாகாது. சாதாரண அலகின் பற்கள் மேல்நோக்கியவை; ஆதலால் மேலே ஏறும்போதுதான் அது மரத்தை அறுக்கிறது. சிலும்பல் உண்டாவது பலகையின் மேற்பக்கத்தில். எனவே, பார்வைக்கு வரவேண்டிய முகத்தைக் கீழே வைத்து, மறுமுகத்திற் கோடு கீறி அறுத்தல் வேண்டும். நடுவிலே துவாரம் வெட்டவேண்டின், முதலில் 10 மில்லிமீற்றர் அளவில் ஒரு துளையிட்டு, அதனுள் அலகை இறக்கித் தொடங்கலாம். கருவியை முன்னே பலமாகத் தள்ளுதல் கூடாது. தள்ளினால் அலகு வளையும். நீண்ட நேர்வெட்டுக்குக் கைவாளே சிறந்தது. அந்த வேலையை ஜிக்சோவின்மேற் சுமத்துவது பொருத்தமன்று.

இறுதியாக, விரல்களின் பாதுகாப்பு. அலகின் முனை பலகைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் அசைந்துகொண்டிருக்கும். பலகையை ஒரு கையாற் கீழிருந்து தாங்கிப் பிடித்துக்கொண்டு அறுப்பது பெரும் ஆபத்து. பலகையை மேசையோடு இறுக்கிவிட்டு, இரு கைகளையும் வெட்டுக்கோட்டுக்கு அப்பால் வைத்துக்கொள்ளவேண்டும். அலகை மாற்றுமுன் மின்னிணைப்பைக் கழற்றிவிடவேண்டும். வெட்டி முடிந்ததும், அலகு முற்றாக நின்ற பின்னரே கருவியைத் தூக்கவேண்டும். அப்போது அலகு கையைச் சுடுமளவுக்குச் சூடாயிருக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும், மரத்தூளுக்கு முகக்கவசமும் வேண்டும். தொங்கும் சால்வையும் தளர்ந்த சட்டைக்கையும் வேண்டா. மின்கசிவு நேர்ந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆளி வீட்டில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நலம்.

ஆகவே, இதற்கென ஒதுக்கிய பணம் முழுவதையும் கருவிக்கே செலவிட்டுவிடாது, நான்கில் ஒரு பங்கையேனும் நல்ல அலகுகளுக்கும், பலகையை இறுக்கும் கவ்விக்கும், கண்ணாடிக்கும் வைத்துக்கொள்வது விவேகம். மிக மலிவானதை வாங்கி ஓராண்டில் எறிவதும் நட்டம். தொழிற்சாலைக்கு ஏற்றதை வாங்கி ஆண்டுக்கு இரு முறை எடுப்பதும் நட்டம். ஆடாத அடித்தட்டும், நிமிர்ந்து நிற்கும் அலகும், ஊரிலே கிடைக்கும் உதிரிப்பாகமும் உடைய நடுத்தரக் கருவி ஒன்று, கவனத்தோடு பேணப்படின், ஒரு குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் உழைக்கும்.