எரிமலை ஓரம் – 11: குழிக்குள் ஒரு கொடி

ஸ்பெயினின் கானரித் தீவுகளில் ஒன்றான லான்சரோத்தேயில் 1730-ஆம் ஆண்டு எரிமலை வெடித்துத் தரை பிளந்த இரவையும், அதைக் குறித்துவைத்த யைசா ஊர்ப் பாதிரியாரையும் போன வாரம் பார்த்தோம். வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது போதும். விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளட்டும்.

பாதிரியாரின் குறிப்பேட்டை இந்த வாரம் திறப்பதாகத்தான் பேச்சு. ஆனால் திமன்ஃபாயா தேசியப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு போய்த் திரும்பும் வழியில் பார்த்த வெள்ளாமை என்னை விடமாட்டேன் என்கிறது. மானாவாரி நிலத்தில் பிறந்தவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன நடக்கும்?

முதலில் பூங்கா. அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கைக்குழந்தையை எரிமலைக்குத் தூக்கிக்கொண்டு போவதா என்று மகள் ரொம்ப யோசித்தாள். இந்தத் தீவில் கடைசி வெடிப்பு 1824-இல். இருநூறு ஆண்டுகளாக அடங்கிக் கிடக்கிற இடம் என்று தெரிந்த பிறகுதான் பால்புட்டியும் தொப்பியும் பைக்குள் போயின. உண்மையில் எங்களைப் படுத்தியது கார் வரிசை. மேலே ஒரு கார் கிளம்பினால்தான் கீழே அடுத்ததை விடுகிறார்கள். கறுப்புப் பாறை வெளிக்கு நடுவே ஒற்றைச் சாலை. மர நிழல் கிடையாது. பேத்தி அழ, என் மனைவி கண்ணாடி வழியே ஒட்டகத்தைக் காட்ட, ஊர்ந்தே போய்ச் சேர்ந்தோம்.

உச்சியில் இருக்கும் இடத்துக்கு இலாரியோ மேடு என்று பெயர். அங்கே பூங்கா ஊழியர் ஒரு குழிக்குள் காய்ந்த முள்செடியைத் தள்ளினார். தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொண்டது. அடுத்து, தரையில் பதித்த இரும்புக் குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு விலகினார். சில நொடிகளில் பெரும் சத்தத்தோடு ஆவி வானத்துக்குப் பீறிட்டது. கூட்டம் மொத்தமும் அலறியது. பேத்தி மட்டும் ஊழியரின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் தரையிலிருந்து ஒரு பிடி சரளை அள்ளி எங்கள் உள்ளங்கையில் போட்டார். இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றி மாற்றித்தான் வைத்திருக்க முடிந்தது. அதையும் வாயில் போட வேண்டும் என்று குழந்தை அடம் பிடித்தது தனிக் கதை.

அங்கே 13 மீட்டர் ஆழத்தில் வெப்பம் சுமார் 600 டிகிரி செல்சியஸ். பூமிக்குள் இன்னும் ஆறாத சூடு, விரிசல்கள் வழியே மேலே ஏறிவருகிறது. இந்தத் தீவின் பிள்ளையான சேசர் மன்ரிக்கே என்ற கலைஞர் 1970-இல் அதே மேட்டில் ஓர் உணவகத்தை வடிவமைத்துக் கொடுத்தார். கிணறு மாதிரி ஒரு வாய், அதன்மேல் இரும்புக் கம்பி வலை, வலைமேல் கோழி. விறகு இல்லை, கேஸ் இல்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏங்க, இதுலயே பிள்ளைக்குக் கஞ்சி காச்சிறலாம் போலருக்கே!" கடைசியில் புட்டிப் பாலுக்கு வெந்நீர் கிடைத்தது காபி இயந்திரத்திலிருந்துதான்.

எரிமலைகளுக்கு நடுவே போகும் 14 கிலோமீட்டர் பாதையில் பூங்காவின் பேருந்தில் மட்டுமே போகலாம். நடுவில் இறங்க விடமாட்டார்கள். காரணம், பாறைமேல் வெளிறிப் படர்ந்திருக்கும் லைக்கன். இந்த மண்ணில் முதலில் குடியேறிய உயிர்களில் அதுவும் ஒன்று. வளர்ச்சி மகா மெதுவு. ஒரு செருப்புக்கால் பட்டால் போச்சு. இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது. பேருந்துக்குள் போட்ட இசை பிடிக்கவில்லை. சிவப்பும் கறுப்பும் காவியுமாக வாய் பிளந்து நிற்கிற மலைகளுக்குப் பின்னணி இசை எதற்கு? மருமகனின் மார்போடு கட்டிய துணிப்பைக்குள் பேத்தி பயணம் முழுக்கத் தூங்கினாள்.

ஒட்டக சவாரியும் உண்டு. திமிலின் இரு பக்கமும் ஆளுக்கொரு நாற்காலி தொங்கும். எடை சமமாக இல்லாவிட்டால் இலேசான பக்கத்தில் மணல்மூட்டை கட்டுவார்கள். என் மனைவி பக்கத்தில் மூட்டை கட்டினார்களா, என் பக்கத்திலா என்பது இத்தொடருக்கு அப்பாற்பட்ட விஷயம். இந்த ஒட்டகங்களின் முன்னோர் எதிரே இருக்கும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து உழவுக்கும் சுமைக்கும் வந்தவை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி நம் விஷயம்.

யைசாவைத் தாண்டி வடகிழக்கே போனால் லா ஹேரியா. சாலையின் இருபுறமும் மலைச்சரிவு வரை கறுப்புச் சரளை. அதில் ஆயிரக்கணக்கான குழிகள். பெரிய பல்லாங்குழிப் பலகையை மலையடிவாரத்தில் கவிழ்க்காமல் விட்டுப்போன மாதிரி. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரே ஒரு திராட்சைக் கொடி, பச்சைப் பசேலென்று. குழியின் விளிம்பில் அரைவட்டமாகக் கல் அடுக்கிய குட்டைச் சுவர். காரை நிறுத்தச் சொன்னேன். "அப்பா, பிள்ளை இப்பதான் கண் அசந்திருக்கா" என்றாள் மகள். நிறுத்தியே ஆக வேண்டும் என்றேன்.

விஷயம் இதுதான். இந்தத் தீவில் ஆண்டுக்கு மழை சுமார் 150 மில்லிமீட்டர். தமிழ்நாட்டின் சராசரி 900-க்கும் மேல். நம் வறண்ட மாவட்டங்களுக்குக்கூட இவர்களைப்போல நாலைந்து மடங்கு பெய்கிறது. ஆறு கிடையாது. வெடிப்புக்கு முன்னால் இந்தப் பக்கம் தானியம் விளைந்த பூமி. 1730-இல் தொடங்கி 1736 வரை, விட்டு விட்டு ஆறு வருஷம் எரிமலை கக்கியதில் தீவின் கால்வாசி, அதாவது 200 சதுர கிலோமீட்டர் அளவு, குழம்புக்கு அடியில் போனது. குழம்பு வராத இடத்திலும் சாம்பல் சரளை ஆள் உயரத்துக்கு விழுந்து மூடியது. விதைப்பதற்கு மண்ணே கண்ணில் படாத நிலம்.

வெடிப்புக்குப் பயந்து ஊரைவிட்டுப் போய்த் திரும்பியவர்களும், போகாமல் தங்கியவர்களும் ஒன்றைக் கவனித்தார்கள். சரளை மெல்லியதாக விழுந்த நிலங்களில் பயிர் முன்னைவிட நன்றாக வந்தது. அந்தச் சரளை முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் துளைகள். கையில் எடுத்தால் கனமே இருக்காது. விழுகிற மழையை வழிந்தோட விடாமல் உடனே கீழே இறக்கிவிடும். பகலில் மண்ணின் ஈரம் ஆவியாகிப் போகாமல் மேலே மூடி நிற்கும். இரவில் சீக்கிரம் குளிர்ந்து, கடற்காற்றின் ஈரத்தையும் கொஞ்சம் பிடித்துத் தரும். நம் இயற்கை விவசாயிகள் வைக்கோலையும் சருகையும் பரப்பி மூடாக்கு என்று செய்கிறார்களே, அதே வேலை. இங்கே மூடாக்கைப் போட்டுவிட்டுப் போனது எரிமலை. வைக்கோல் ஒரு பருவத்தில் மக்கும். இது தலைமுறைக்கு நிற்கும்.

சரளை மெல்லியதாக இருந்தால் சரி. ஆள் உயரம் இருந்தால்? கொடியின் வேர் அடியில் புதைந்த பழைய மண்ணைத் தொட வேண்டுமே. சரளையை அப்புறப்படுத்த ஆளும் இல்லை, கொட்ட இடமும் இல்லை. எனவே மண் தட்டுப்படும் வரை குழி தோண்டி, அடியில் கொடியை நட்டார்கள். சில குழிகள் 3 மீட்டர் ஆழம். அரைவட்டச் சுவர், வடகிழக்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் காற்றுக்குத் தடுப்பு. ஏக்கருக்கு சுமார் 120 கொடிதான் தேறும். உழவு இயந்திரம் குழிக்குள் இறங்காது என்பதால் கவாத்து, களை, அறுவடை எல்லாம் கைவேலை. மற்ற ஐரோப்பியத் தோட்டங்கள் காத்திருக்கும்போதே, இங்கே ஜூலை, ஆகஸ்டில் பழம் பறித்துவிடுகிறார்கள். அத்திமரங்களையும் இப்படிக் குழிக்குள் வைத்திருக்கிறார்கள்.

பழம் ஒயினுக்குப் போகிறது. எல் கிரிஃபோ என்ற ஆலை 1775-இலிருந்து நடக்கிறது. கானரி ஒயின் என்றதும் சுற்றுலாக்காரர்களிடம் ஷேக்ஸ்பியர் பெயரை இழுப்பது வழக்கம். அவர் நாடகங்களில் கானரி ஒயின் வருவது நிஜம். ஆனால் அவர் 1616-இல் போய்ச் சேர்ந்தவர். இந்தக் குழிகளோ 1730-க்குப் பிறகு தோண்டியவை. அவர் பாத்திரங்கள் குடித்தது வேறு மண்ணின் சரக்கு.

எனக்கு மலைப்பு வந்தது இதற்கும் அடுத்த கட்டத்தில். சரளை விழாத ஊர்க்காரர்கள், விழுந்த ஊரின் விளைச்சலைப் பார்த்து, எரிமலை அடிவாரத்திலிருந்து அந்தச் சரளையை வெட்டி எடுத்து ஒட்டகத்தின்மேல் ஏற்றிக் கொண்டுவந்து தங்கள் நிலத்தில் பரப்பினார்கள். நான் நினைவில் வைக்கச் சொன்ன ஒட்டகம் இதுதான். வெங்காயம், வள்ளிக்கிழங்கு, பருப்பு எல்லாம் இந்தக் கறுப்பு விரிப்புக்கு அடியிலிருந்துதான் இன்றும் எட்டிப் பார்க்கின்றன. விதைக்கும்போது சரளையைக் கவனமாக விலக்கி, அடிமண்ணில் விதையை வைத்து, திரும்ப மூட வேண்டும். சரளையும் மண்ணும் கலந்துவிட்டால் மூடாக்கு செத்துப்போகும். புதிதாகப் பரப்ப வேண்டியதுதான்.

பூங்காவில் அத்தனை பேர் ஆவிக்குக் கை தட்டினோம். லா ஹேரியாவில் கார்கள் ஒயின் கடை வாசலில் நிற்கின்றன. குழி விளிம்பில் நின்றது நானும், விழித்து அழுத பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மருமகனும்தான். "மாமா, இதை நம்ம ஊர்ல செய்ய முடியுமா?" என்று கேட்டார். சரளைக்கு எங்கே போவது என்று கேட்டேன். ஆனாலும் குழி, காற்றுத் தடுப்பு, மூடாக்கு மூன்றையும் பற்றி ஹோட்டல் வரும்வரை பேசிக்கொண்டே வந்தோம்.

ஆசிரியர் கொடுத்த இடம் தீர்ந்தது. பாதிரியார் ஆந்திரேஸ் லொரென்சோ குர்பேலோ அடுத்த வாரம் வருவார். ஒரு சிக்கலை இப்போதே சொல்லிவைக்கிறேன். அவர் கைப்பட எழுதிய மூலம் இன்று இல்லை. 1815-இல் இந்தத் தீவுக்கு வந்த ஜெர்மன் நிலவியலாளர் லியோபோல்ட் ஃபான் பூக், தன் நூலில் ஜெர்மனில் எடுத்துப் போட்டதைத்தான் உலகம் படிக்கிறது. அதுவும் 1731 டிசம்பரோடு நின்றுவிடுகிறது. மலை ஓய்ந்தது 1736 ஏப்ரலில். நடுவில் உள்ள நாலு வருஷத்துக்கும் மேலான கதையை எங்கிருந்து எடுப்பது என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

(தொடரும்)