எல்லோருக்கும் எட்டும் பாடம்: தீவகப் பாடசாலைகளில் செயலிகளின் பயனும் எல்லையும்

நெடுந்தீவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் செல்ல வேண்டியிருப்பதால், விழிப்புலனோ செவிப்புலனோ குறைந்த தீவகப் பிள்ளையொன்று கைதடி நவீல்ட் பாடசாலையிலோ சுன்னாகம் வாழ்வகத்திலோ சேர்ந்து பயில வேண்டுமாயின், பெரும்பாலும் வீட்டைப் பிரிந்து விடுதியிலேயே தங்க நேரிடுகிறது. ஊர்ப் பாடசாலையின் வகுப்பறையே அப்பிள்ளைக்கும் ஏற்றதாக அமைய வேண்டும் என்ற கோரிக்கைக்கு, 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும், 2016இல் இலங்கை ஏற்றுறுதி செய்த, அவர்களின் உரிமைகள் தொடர்பான ஐ.நா. சமவாயமும் வலுச் சேர்க்கின்றன.

இதற்கு வழிகாட்டும் கோட்பாடு 'அனைவருக்குமான கற்றல் வடிவமைப்பு' எனப்படும். ஒரே பாடத்தைக் காணவும் கேட்கவும் தொட்டறியவும் கூடிய பல வடிவங்களில் வழங்கி, கற்றதைப் பல வழிகளில் வெளிப்படுத்த மாணவரை அனுமதிப்பதே அதன் சாரம். அதற்கான கருவிகள் இன்று இலவசமாகவே உள்ளன. திரையிலுள்ள எழுத்தை ஒலியாக்கும் மென்பொருளான திரைவாசிப்பான்களுள், 2006இல் அவுஸ்திரேலியாவில் உருவாகத் தொடங்கிய என்.வி.டி.ஏ. கணினியிலும், டோக்பேக் அன்ட்ரொயிட் கைபேசியிலும் தமிழை வாசிக்கின்றன. 2019இல் கூகுள் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்கிரைப், ஆசிரியரின் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டுகிறது.

ஆயினும் பாடக்குறிப்பு எவ்வடிவில் தட்டச்சாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தே இக்கருவிகள் பயன்படும். ஈழத்தில் நெடுங்காலம் புழங்கிவரும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள் மீது தமிழ் வடிவங்களைப் போர்த்துவதாகையால், கண்ணுக்கு 'அம்மா' என்று தெரியும் சொல்லின் உள்ளே இருப்பவை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்பனவே. திரைவாசிப்பான் அவற்றையே வாசிக்க முயல, கேட்கும் பிள்ளைக்குப் பாடம் பொருளற்ற ஒலியாகிவிடுகிறது. தமிழ் எழுத்துகளுக்கெனவே தனிக் குறியீடுகளை வழங்கும் ஒருங்குறியில் தட்டச்சு செய்தால் இச்சிக்கல் எழாது. வெறும் படமாக வருடப்பட்ட பக்கங்களில் வாசிப்பதற்கு எழுத்தே இல்லை. வரைபடங்களுக்கும் சொல்விளக்கம் சேர்க்கப்பட்டாலன்றி அவை விளங்கமாட்டா.

இணையத் தொடர்பும் கருதத்தக்கது. பேச்சை எழுத்தாக்கும் செயலி பெரும்பாலும் இணையத்தைச் சார்ந்திருக்க, என்.வி.டி.ஏ. இணையமின்றியே இயங்குகிறது; கொலிப்ரி என்னும் இலவசத் தளம், ஒரு கணினியில் சேமித்த பாடங்களை வகுப்பிலுள்ள பிற கருவிகளுக்கு உள்ளக வலையமைப்பின் மூலம் பகிர்கிறது.

ஆகவே தீவகக் கல்வி வலயம் புதிய செயலிகளைத் தேடுவதற்கு முன்னர், ஆசிரியர்கள் தயாரிக்கும் குறிப்புகளும் வினாத்தாள்களும் ஒருங்குறியில், படவிளக்கங்களுடன், பாடசாலைக் கணினியிலேயே சேமிக்கப்படுவதை நடைமுறையாக்க வேண்டும். செலவு மிகக் குறைந்த இப்பணியே மற்றெல்லாக் கருவிகளையும் பயன்தரச் செய்யும்.