தனித்து ஆடுவோர்க்கு ஏற்ற வகுப்பு யாது?

கணிப்பொறி வழியாகப் பல நாட்டு மக்களும் ஒருங்கு கூடி ஆடும் விளையாட்டுகள் இக்காலத்துப் பலவாம். அவற்றுள் ஒருசார், ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு வேடம் பூண்டு, கற்பனை நாடொன்றிற் புகுந்து, பகைவரை வென்றும் பொருளீட்டியும் படிப்படியாக உயருமாறு அமைந்தவை. வேர்ல்டு ஆப் வார்கிராப்ட் என்பது அவ்வகையுள் பெரும்புகழ் பெற்றது. பிளிசார்டு நிறுவனத்தார் அதனை 2004ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 23ஆம் நாள் வெளியிட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்லப் பல மாறுதல்கள் புகுந்தமையின், பழைய அமைப்பையே விரும்பினோர் பொருட்டு, 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் கிளாசிக் என்னும் பெயரால் முந்தைய வடிவம் மீண்டும் அளிக்கப்பட்டது. யாம் ஈண்டு ஆராயப் புகுவது அக்கிளாசிக் ஆட்டத்தையே என்க.

இதனுட் புகுவோன் எதிர்கொள்ளும் முதல் வினா, எவ்வகுப்பைத் தேர்ந்துகொள்வது என்பதாம். வகுப்பாவது, பாத்திரம் பயிலும் தொழில். வாரியர் என்னும் போர்மறவன், பாலடின் என்னும் அறப்போர் வீரன், ஹன்ட்டர் என்னும் வேட்டுவன், ரோக் என்னும் கரந்து தாக்குவோன், பிரீஸ்ட் என்னும் பூசகன், ஷாமன் என்னும் பூதவாற்றல் அழைப்போன், மேஜ் என்னும் மந்திரவாதி, வார்லாக் என்னும் பேயேவலாளன், டுரூயிட் என்னும் உருமாறுவோன் என அவை ஒன்பது. ஒரு பாத்திரத்திற்கு ஒருமுறை கொண்ட வகுப்பைப் பின்னர் மாற்றுதல் இயலாது. மாற்ற விரும்புவோன் புதியதொரு பாத்திரத்தைப் படைத்து முதற்படியினின்றே மீளத் தொடங்கல் வேண்டும். இறுதிப்படியோ அறுபது. ஆகவே, தொடக்கத்திற் செய்யும் தேர்வு பல வாரங்களின் உழைப்பைத் தாங்கி நிற்பதாகும்.

இப்பொருளை யாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் ஒன்றுண்டு. எம் விடுதியில் எம்மினும் ஓராண்டு இளையராய மாணவர் ஒருவர், தனித்திருந்து ஆட விரும்பி, எவ்வகுப்பைக் கொள்ளலாம் என எம்மை வினவினார். யாம் சிறிதும் எண்ணிப் பாராது, எமக்கு விருப்பமான மந்திரவாதியைக் கைகாட்டினோம். அவர் புகுந்ததோ, ஹார்ட்கோர் எனப்படும் கடுமுறை ஆட்டம். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் நிறுவனத்தாராலேயே திறக்கப்பட்ட அவ்வமைப்பில், பாத்திரம் ஒருமுறை மடியின் மடிந்ததே; மீட்சியில்லை. நம் நண்பரின் முதற் பாத்திரம் எட்டாம் படியில், எல்வின் காட்டுச் சுரங்கத்துள் இரண்டு பகைவர் ஒருங்கே எதிர்ப்பட மடிந்தது. இரண்டாவது, பதினோராம் படியில் வெஸ்ட்பால் வயல்வெளியில் மடிந்தது. மூன்றாமுறை அவர் தொடங்கவில்லை. "அண்ணா, எனக்கு இது கைவராது" என்று கூறி அகன்றார். அவர் முகத்தைக் கண்டபோதுதான், கைவராதது அவர்க்கன்று, அறிவுரை கூறிய எமக்கே என்பதை உணர்ந்தோம். பழகியவனுக்கு எளிதாயது புதியவனுக்கும் எளிதாமென்று எண்ணியதே யாம் செய்த தவறு. அதன் பின்னரே இதனை ஒழுங்காக ஆராயலானோம்.

இவ்விளையாட்டு முதற்கண் கூட்டுறவை எண்ணி வகுக்கப்பட்டது. ஐவர் கூடிய குழுவில் ஒருவன் முன்னின்று பகைவரின் அடிகளைத் தாங்குவான். மற்றொருவன் அவன் புண்ணை ஆற்றுவான். ஏனை மூவரும் பகைவரைத் தாக்கி வீழ்த்துவர். தாங்கல், ஆற்றல், தாக்கல் என்னும் இம்மூன்று தொழில்களும் மூவகையார்பால் பகிர்ந்து கிடத்தலின், ஒருவன் ஒன்றில் வல்லனாயினும் போதும். தனித்து ஆடுவோனுக்கோ இம்மூன்றும் ஒரு தலைமேல் வந்து விழுகின்றன. எனவே குழுவில் சிறந்த வகுப்பு தனிமையிலும் சிறந்ததாதல் வேண்டுமென்பதில்லை.

புதியோர் பெரும்பாலும் வினவுவது, மிக வன்மையாகத் தாக்கும் வகுப்பு யாது என்பதே. இவ்வினா பொருந்தாது. வன்மையாகத் தாக்குவோன் பிழையின்றி ஆடும்வரை விரைந்து உயர்வான். ஆனால் புதியோன் பிழை செய்யாதிருத்தல் அரிது. ஒரு பகைவனை அழைக்க எண்ணி இருவரை அழைப்பான். விசை மாற்றி அழுத்துவான். தப்பியோடும் பகைவனைத் துரத்தி அவன் கூட்டத்தினிடையே சென்று நிற்பான். ஆகவே, பிழை செய்தபின் அதனைத் திருத்திக்கொள்ளக் காலம் தரும் வகுப்பே புதியோனுக்கு உரியது என்பது எம் துணிபு. இதனை மூன்று கேள்விகளால் அளந்தறியலாம். பகைவனின் அடி யார்மேல் விழுகின்றது? இழந்த உயிரளவை எங்ஙனம் மீட்பது? வெல்ல முடியாதவிடத்துத் தப்புவது எவ்வாறு?

முதற்கண் போர்மறவனை எடுத்துக்கொள்வோம். கனத்த கவசமும் பெரிய வாளும் ஏந்திய இவனே கண்டார் உள்ளத்தைக் கவர்வான். குழுவின் முன்னணியில் இவனுக்கு ஒப்பார் அரியர். ஆயின், இவன் திறமைகளுக்கு முதலாகிய சினம் என்னும் ஆற்றல் போரின் தொடக்கத்திற் பெரும்பாலும் வெறுமையாயிருந்து, அடித்தும் அடிபட்டுமே பெருகும். தன் புண்ணை ஆற்றும் மந்திரம் இவனிடத்தில்லை. ஒவ்வொரு போருக்குப் பின்னும் அமர்ந்து உணவுண்டோ, கட்டுத்துணி சுற்றியோ தேறுதல் வேண்டும். நல்ல படைக்கலம் இன்றேல் இவன் வலி பாதியாம். தனித்தவனுக்கு அதனை வாங்கித் தருவார் யார்? மூன்று கேள்விகளுள் முதலாவதற்கு ஓரளவு விடை கூறி, ஏனை இரண்டிற்கும் விழிக்கின்றான்.

மந்திரவாதி உறைபனியால் பகைவரின் நடையைத் தளர்த்தி எட்ட நின்றே வீழ்த்துவான். தனக்கு வேண்டும் நீரையும் உணவையும் தானே படைத்துக்கொள்வான். இவை பெருநலங்களே. ஆயின் இவன் உடுப்பது வெறுந்துணி. பகைவன் அண்மையில் வந்துவிட்டால் எண்ணிப் பார்க்க இவனுக்குச் சில நொடிகளே உள. எம் நண்பர் வீழ்ந்தது இவ்விடத்தேதான். கரந்து தாக்குவோன் மறைந்து செல்லுதலால் வேண்டாத போரைத் தவிர்க்கலாம். எனினும் போர் மூண்டபின் தன்னை ஆற்றிக்கொள்ளும் வழி அவனுக்குக் குறைவு. பூசகன் காப்பும் ஆற்றலும் உடையனேனும், அவனுக்கும் துணியே உடை.

அறப்போர் வீரன், பூதவாற்றல் அழைப்போன், உருமாறுவோன் ஆகிய மூவரும் தம்மைத் தாமே ஆற்றிக்கொள்ள வல்லர். இவருள் முதல்வன் அலயன்ஸ் அணியினர்க்கும், இரண்டாமவன் ஹோர்டு அணியினர்க்குமே கிளாசிக்கில் உரியர். அறப்போர் வீரன் கனத்த கவசத்தோடு, பத்தாம் படியில் உயிரளவை முற்றும் நிரப்பும் ஓர் ஆற்றலையும் பெறுகின்றான். அது நெடும்பொழுது கழிந்தே மீளப் பயன்படுமாயினும், ஒரு பெரும்பிழையைத் திருத்தப் போதியது. எனவே அழியாமையையே முதன்மையாகக் கருதுவோர்க்கு இவன் மிக ஏற்றவன். குறை யாதெனில், பகைவரை வீழ்த்துவதில் மந்தம். வாளை ஓங்குவதும் காத்திருப்பதுமாகப் பொழுது கழிதலின், புதியோர் சிலர் சலிப்புற்று விடுவர். உருமாறுவோன் பத்தாம் படியில் கரடியாகவும், இருபதாம் படியில் பூனையுருவாகவும் மாறுவான். ஆயின் ஒவ்வோர் உருவிற்கும் வெவ்வேறு பயிற்சி வேண்டுதலின், கற்க வேண்டுவன மிகுதி.

எஞ்சிய இருவரும் துணைவலி உடையோர். பேயேவலாளன் பத்தாம் படியில் வாய்டுவாக்கர் என்னும் பூதத்தைப் பெற்று, அதனை முன்னிறுத்தித் தான் பின்னிருந்து தாக்குவான். அதனை அழைக்கும்தோறும், பகைவர் மடியுங்கால் சேர்த்துவைத்த ஆன்மத்துண்டு ஒன்று செலவாகும். அன்றியும், இவன் அச்சுறுத்தி ஓட்டும் பகைவன் வேறு பகைவரை அழைத்து வருதலும் உண்டு. சிறந்த வகுப்பேயாயினும் சற்றுக் கணக்கறிந்து ஆடுவோர்க்கே உரியது.

இனி வேட்டுவனைக் காண்போம். பத்தாம் படியில் இவன் விலங்கு பழக்கும் கலையைக் கற்கின்றான். சான்றாக, டன் மோரோக் என்னும் பனிநாட்டிற் பிறந்த குள்ளர் குலத்து வேட்டுவன், காட்டுப்பன்றி, பனிச்சிறுத்தை, கரடி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பழக்கிப் பயிற்சி பெற்ற பின்னரே, தனக்கென ஒரு விலங்கைக் கொள்வான். அவ்விலங்கு உறுமிப் பகைவனைத் தன்பால் ஈர்த்து அடிகளைத் தாங்கும். வேட்டுவன் எட்ட நின்று அம்பெய்வான் அல்லது துப்பாக்கியாற் சுடுவான். பன்னிரண்டாம் படியில் விலங்கின் புண்ணை ஆற்றும் திறமும் வருகின்றது. முப்பதாம் படியில் இறந்தாற்போல் வீழ்ந்து கிடந்து பகைவரை ஏமாற்றும் சூழ்ச்சியும் கைகூடும். ஆக, அடி விழுவது விலங்கின்மேல், ஆற்றுதற்கு வழியுண்டு, தப்புதற்கும் வழியுண்டு. மூன்று கேள்விகளுக்கும் ஒருங்கே விடை தருபவன் இவன் ஒருவனே. இரண்டாம் பகைவன் எதிர்பாராது வந்தவிடத்தும், விலங்கு ஒருவனைத் தாங்கி நிற்குமளவும் மற்றவனைப் பற்றிச் சிந்திக்கக் காலம் கிடைக்கின்றது. புதியோனுக்கு வேண்டுவது அக்காலமேயன்றோ?

எனினும், வேட்டுவனுக்கும் உரிய இடர்கள் சில உள. முதல் ஒன்பது படிகளிலும் துணை விலங்கு இல்லை. அதுகாறும் ஏனையோரினும் விழிப்பாயிருத்தல் வேண்டும். பகைவன் எட்டுக் கஜத்தினும் அண்மையில் நெருங்கின் அம்பெய்தல் இயலாது. ஆதலின் இடைவெளியைக் காத்தல் இன்றியமையாதது. அம்புகளை விலை கொடுத்து வாங்கித் தூணியில் நிறைத்தல் வேண்டும். நடுக்காட்டில் அவை தீர்ந்துபோவது பேரிடர். விலங்கிற்கு உணவூட்டாது விடின் அதன் மகிழ்ச்சி குன்றித் தாக்கும் வலியும் குறையும். நெடிது புறக்கணிப்பின் நீங்கிச் சென்றுவிடவும் கூடும். கரடியும் பன்றியும் எவ்வகை உணவையும் ஏற்பனவாதலின், புதியோர் அவற்றுள் ஒன்றைக் கொள்ளுதல் நன்று. இன்னும் ஒன்று. உயர்ந்த மேட்டினின்று வேட்டுவன் கீழே குதிப்பானாயின், விலங்கு வேறு வழியாகச் சுற்றி ஓடி, இடைப்பட்ட பகைவரையெல்லாம் தன்பின் இழுத்துவரும். குதிக்குமுன் அதனை விடுத்து, பின்னர் அழைத்துக்கொள்வதே அறிவுடைமை.

எவ்வகுப்பைக் கொள்ளினும் காக்கத்தக்க பொதுநெறிகளும் உள. பகைவனின் படியெண் காட்டப்பெறும் நிறத்தை முதலில் நோக்குக. பச்சை எளியவன், மஞ்சள் ஒத்தவன், செம்மஞ்சள் வலியவன், சிவப்பு அணுகத்தகாதவன். தனித்து ஆடுவோன் பச்சையையும் மஞ்சளையும் விட்டு அகலாதிருத்தல் நன்று. மனிதரும் மனிதரை ஒத்தாருமாகிய பகைவர் உயிரளவு குன்றியவுடன் ஓடித் தம் கூட்டத்தாரை அழைத்துவருவர். அவரைத் துரத்தாது நின்றவிடத்தே நிற்க. குகைகளிலும் சுரங்கங்களிலும் கொல்லப்பட்ட பகைவர் சிறிது பொழுதில் மீளத் தோன்றுவராதலின், உட்புகுமுன் திரும்பும் வழியை எண்ணுக. பொதுமுறை ஆட்டத்தில் மடிந்தோன் ஆவியுருவாய் இடுகாட்டினின்று தன் உடலை நாடி ஓடி மீளலாம். கடுமுறையில் அவ்வாய்ப்பு இல்லை. ஆதலின் புதியோர் முதலிற் பொதுமுறையில் ஆடிப் பழகுதலே தக்கது. இதனையும் யாம் எம் நண்பர்க்கு அன்று கூறவில்லை.

இக்காலத்துப் புதிய வடிவில் ஆட விரும்புவோர்க்கும் ஒருசொல். அதன்கண் வகுப்புகள் பதின்மூன்று. 2010ஆம் ஆண்டின் மாறுதலுக்குப் பின் வேட்டுவன் முதற்படியிலேயே விலங்கைப் பெறுகின்றான். அம்பு வாங்கும் தொல்லையும் அதன்கண் நீங்கியது. ஆகவே அவ்வடிவிலும் எம் முடிவு மாறுபடாது.

எளிய வகுப்பைக் கொள்வோன் ஆட்டத்தின் நுட்பங்களைக் கற்கமாட்டான் என்று கூறுவாரும் உளர். நீந்தக் கற்பவன் முழங்கால் நீரிற் தொடங்குவது இழுக்கன்று. முதற்படியிலேயே மூழ்கி மூழ்கி மனமுடைந்தவன் எந்நுட்பத்தைக் கற்பான்? போர்மறவன்பால் உள்ளம் சென்றோர் அவனை இரண்டாம் பாத்திரமாகக் கொள்க. அப்பொழுது நாடும் வழியும் பகைவர் இயல்பும் தெரிந்திருக்கும்; அவ்வறிவே அவனுக்குக் கவசமாகும்.

சென்ற விடுமுறைக்கு முன், எம் நண்பரை மீண்டும் அழைத்து, எம் பிழையை ஒப்புக்கொண்டு, இக்காரணங்களையெல்லாம் எடுத்துரைத்தோம். அவர் சற்றுத் தயங்கியே குள்ளர் குலத்து வேட்டுவன் ஒருவனைப் பொதுமுறையிற் படைத்துக்கொண்டார். கல்லூரி மீளத் திறந்த நாளில் எம் அறைக்கு வந்து, வேறொன்றும் கூறாது, தம் கரடிக்கு யாது பெயரிட்டார் என்பதை மட்டும் கூறினார். அப்பொழுது அவர் வேட்டுவன் முப்பதாம் படியைக் கடந்திருந்தான். அறிவுரை கேட்டு வருவோரிடம், நமக்கு இனியது யாது என்பதைக் கூறாமல், அவர் நிற்குமிடம் யாது என்பதை முதற்கண் நாம் வினவுவோமாக.