எடை கூட்டும் கணக்கு

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பர் பெரியோர். இக்கல்லூரியில் சேர்ந்தபோது என் சுவரின் எடை 50 கிலோ! ‘ஒட்டடைக்குச்சி’ என்ற பட்டப்பெயர் பொறுக்காமல், மூன்றே மாதத்தில் பத்துக் கிலோ ஏற்றுவதெனச் சபதம் செய்தேன். தேர்வுக் கட்டணத்துக்கென அம்மா கொடுத்த பணம் புரோட்டீன் பவுடர் டப்பாவாக மாறியது. நாள்தோறும் இரண்டு மணி நேரம் எடை தூக்கினேன்.

முதல் மாதம் இரண்டு கிலோ ஏறியது, தலைகால் புரியவில்லை. இரண்டாம் மாதம் தராசு முள் அசையவில்லை. தோள்பட்டை நோவு வேறு. பயிற்சியை நிறுத்தியதும் ஏறிய எடையும் இறங்கியது. மனமுடைந்து நின்ற என்னிடம் உடற்கல்வி இயக்குநர் ஐயா ஒரு தாளை நீட்டி, “தம்பி, முதலில் கணக்குப் போடு, பிறகு எடை போடு” என்றார். அக்கணக்கைத்தான் இங்கே தருகிறேன்.

முதலாவது, இலக்கு. புதிதாகப் பயிற்சி தொடங்கும் இளைஞருக்கு மாதம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை கூடுவதே நல்ல வளர்ச்சி. அதைவிட விரைந்து ஏறினால் பெரும்பகுதி கொழுப்பும் நீருமே. தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்து, தன் எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு நீரையும் உடன் இருத்திக்கொள்ளும். என் முதல் மாத ‘வெற்றி’யின் இரகசியம் விளங்கிற்றா?

இரண்டாவது, உணவு. கிலோ எடைக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும். எனக்கு 80 கிராம். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் வேர்க்கடலையில் 12, 50 கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்த சுண்டலில் 10; ஆக 56. மீதியை விடுதியின் சோறும் சாம்பாரும் இட்லியும் தந்துவிடும். வழக்கத்தைவிட நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். அதற்குப் பாலும் கடலையுமே போதும். டப்பாவுக்கு இங்கே என்ன வேலை?

மூன்றாவது, பயிற்சி. வாரம் மூன்று நாள் போதும். 8 முறை தூக்கக்கூடிய எடையில் தொடங்கி, 12 முறை எளிதானதும் சற்றே கூட்ட வேண்டும். தொடக்க வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் நரம்புகள் பழகுவதால்தான். தசை பருப்பது பிறகே. அதுவும் ஓய்வில்தான் வளரும். ஆகவே ஏழெட்டு மணி நேர உறக்கம் தேவை. அவசரப்பட்டு ஸ்டீராய்டு ஊசியை நாடுவோர் இதயத்தையும் கல்லீரலையும் பணயம் வைக்கின்றனர்.

இம்முறையில் ஆறு மாதத்தில் நான்கு கிலோ கூடினேன். ஆனால் தேர்வுக் கட்டணத்தை அபராதத்தோடு கட்ட அம்மா கடன் வாங்க நேர்ந்தது. கூடிய எடையைவிட அந்தக் கடனே இன்றும் எனக்குக் கனக்கிறது.

நண்பர்களே! அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரே அடியில் நகர்த்த முயன்றால் நம் கால்தான் நசுங்கும்.