மனம் தேற, கை அசைய வேண்டும்

துன்பத்தில் இருப்பவரிடம் நாம் முதலில் சொல்வது, ‘மனதைத் தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்பதுதான். மனம் தேறிவிட்டால் கைகால் தானாக ஓடும் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. ஐம்பது ஆண்டு ஆய்வுகள் காட்டும் வரிசை வேறு. கை ஒரு சிறு காரியத்தைச் செய்து, அதற்குப் பலனும் கிடைத்தால், மனம் பின்னாலேயே தேறி வருகிறது.

1967-ல் அமெரிக்க உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களிடம் ஒரு கொடிய சோதனை நடத்தினார்கள். ஒரு குழு நாய்கள் தலையால் பலகையை அழுத்தினால் மின் அதிர்ச்சி நின்றுவிடும். இன்னொரு குழுவுக்கும் அதே அளவு அதிர்ச்சிதான்; ஆனால் அவை என்ன செய்தாலும் நிற்காது. அடுத்து, தாழ்வான தடுப்பைத் தாண்டினாலே தப்பிவிடலாம் என்ற பெட்டியில் விட்டபோது முதல் குழு தாண்டியது. இரண்டாவதில் பெரும்பாலானவை முனகியபடி படுத்துவிட்டன. உயிர்கள் கையறுநிலையைக் கற்றுக்கொள்கின்றன என்ற முடிவு பாடநூல்களில் ஏறியது. 2016-ல் அதே இருவரும் அந்த முடிவைத் தாங்களே திருத்தினார்கள். எலிகளின் மூளையில் மேயர் கண்டது இது: துன்பம் நீளும்போது மூளைத்தண்டில் செரடோனின் சுரக்கும் நரம்பணுக்கள் கிளர்ந்து உடலை முடக்குகின்றன. முடங்குவது உயிரின் இயல்பு. ‘என் செயலால் இது மாறுகிறது’ என்று முன்மூளை உணர்ந்தால் அந்தக் கிளர்ச்சியை அடக்கிவிடுகிறது. ஆக, அனுபவத்தால் கற்க வேண்டியது இந்தப் பிடிமானத்தைத்தான்.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்குப் பொருந்துமா என்று கேட்பது நியாயமே. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடும் மனச்சோர்வுக்கு ஆளானவர்களிடம் நடந்த ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. மனநல மருத்துவம் படிக்காத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், விட்டுப்போன அன்றாடச் செயல்களை ஒவ்வொன்றாக மீட்க அவர்களுக்குத் துணை நின்றார்கள். மூன்று மாதத்தில் இவர்களில் 64 சதவீதத்தினர் மனச்சோர்விலிருந்து மீண்டார்கள்; வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் மீண்டவர்கள் 39 சதவீதம்.

மாற்றவே முடியாத துயரங்கள் உண்டே என்பது இதைவிடக் கனமான கேள்வி. இறந்தவரை எந்தச் செயலும் மீட்டுத் தராது. ஆனால் அந்தச் சோதனைகளில் இரு குழுக்களும் பட்ட வலி ஒரே அளவு என்பதை மறக்கக் கூடாது. பிடிமானம் வலியை அழிப்பதில்லை. வலிக்குள் முடங்காமல் காக்கிறது. ஒருமுறை அதை அனுபவித்த எலிகள், பின்னர் தடுக்கவே இயலாத அதிர்ச்சியையும் முடங்காமல் கடந்தன. சிறு காரியங்களை முடித்துப் பழகும் அன்றாடம், பெருந்துயருக்கான சேமிப்பாகவும் இருக்கலாம் என்று எண்ண இது இடம் தருகிறது.

இதை வைத்து, ‘முயலாதவர் குற்றம்’ என்று எவரும் சொல்லிவிடக் கூடாது. முடங்குவது உடலின் இயல்பு என்றால், முடங்கியவரைப் பழிப்பதில் பொருளில்லை. கோவாவில் மீண்டவர்களுக்கும் பக்கத்தில் அமர ஒருவர் தேவைப்பட்டார். ஆகவே, துயரில் இருப்பவரிடம் ‘தைரியமாக இருங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்வதைவிட, அவரால் இன்றே முடிக்கக்கூடிய ஒரு வேலையைக் கண்டுபிடித்து, அது முடியும்வரை கூட இருப்பதே உண்மையான ஆறுதல்.