லாரிக்கு அடியில் பத்து நிமிடம்

ஸ்டியரிங்கின் தேய்மானம் சத்தமில்லாமல் வளர்கிறது. எஃப்.சி. மட்டும் அதைத் தடுத்துவிடாது.

தில்லியின் வடமேற்கே, 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு அருகில் இருக்கிறது சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். லாரிப் பட்டறைகளில் வேலைகள் பிரிந்து கிடக்கின்றன: டயருக்கு ஒருவர், ஒயரிங்குக்கு ஒருவர், கமானிக்கு ஒருவர். பாரத்தைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங்குக்கு வட இந்தியப் பட்டறைகளில் வழங்கும் பெயர்தான் கமானி. உடைந்த கமானியோடு வரும் லாரிகளுக்குப் பஞ்சமில்லை. உடைவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வருபவைதான் குறைவு.

எஞ்சின் கெட்டால் லாரி நின்றுவிடும். ஸ்டியரிங் தேய்ந்தால் நிற்காது, அதுதான் ஆபத்து. முன்சக்கரம் திரும்புவதற்கு அச்சாணியாக இருக்கும் கிங் பின்னும் அதன் புஷ்ஷும் மாதக்கணக்கில் சிறுகச் சிறுகத் தேய்கின்றன. டிரைவரின் கை அந்தத் தளர்ச்சிக்குப் பழகிவிடுகிறது. பாரத்தோடு பள்ளத்தில் இறங்கும் ஒரு நாளில் பால் ஜாயின்ட் கழன்றால், கையில் ஸ்டியரிங் இருந்தும் பயனில்லை.

2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். காரணப் பட்டியலில் முதலிடம் அதிவேகத்துக்கு. ஆனால் நசுங்கிக் கிடக்கும் முன் அச்சில் எது முன்பே தேய்ந்திருந்தது, எது மோதலில் உடைந்தது என்று பிரித்தறிவது எளிதல்ல.

சட்டம் சும்மா இருக்கவில்லை. ஸ்டியரிங்கில் ‘பிளே’, அதாவது முன்சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் சுழலும் வெற்றாட்டம், 30 டிகிரியைத் தாண்டக்கூடாது என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 98-ஆம் விதி. பால் ஜாயின்ட்களுக்கு ரப்பர் மூடி வேண்டும், போல்ட்டுகள் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கான விதிகளும் 2021-ல் வந்தன. ஆனால் லாரிக்கு எட்டு வயதாகும் வரை எஃப்.சி. இரண்டாண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. இடைப்பட்ட ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு யார் பொறுப்பு?

பதில், லாரிக்கு அடியில் பத்து நிமிடம். சமதளத்தில் லாரியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிது அசைக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இன்னொருவர் கீழே நின்று டிராக் லிங்க், டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். ஒரு மூட்டின் ஒரு பக்கம் நகர்ந்து, மறுபக்கம் தாமதித்து நகர்ந்தால் அங்கே தேய்மானம்.

அடுத்தது கிங் பின். முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி லாரிக்கு அடியில் போகக்கூடாது. டயருக்குக் கீழே கடப்பாரையை நுழைத்து நெம்பினால் சக்கரம் மேலும் கீழுமாக ஆடுகிறதா? ஒருவர் பிரேக்கை அழுத்தட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் குறை சக்கர பேரிங்கில். நிற்காவிட்டால் கிங் பின்னில்.

கமானியில் விரிசல் இருக்கிறதா, பட்டைகள் பக்கவாட்டில் விலகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விலகியிருந்தால் நடு போல்ட் உடைந்திருக்கலாம். யூ போல்ட்டைச் சுற்றிச் சிவப்புத் துருப்பொடி தெரிந்தால் அது தளர்ந்திருக்கிறது. டயரும் சாட்சி சொல்லும்: ரம்பப் பல்போலத் தேய்ந்தால் சக்கரங்களின் நேர்சீரில் கோளாறு; திட்டுத்திட்டாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம்.

2018-ல் நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட பாரம் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. சட்டப்படியான சுமையே கூடிய பின் கவனிப்பும் கூடத்தானே வேண்டும்? நடப்பது வேறு. விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங், வளைந்த டை ராடைச் சூடுபடுத்தி நிமிர்த்துவது என்று சிக்கனம் தொடர்கிறது. அந்தச் சூட்டிலேயே எஃகின் பதம் போய்விடுகிறது. பார்வைக்குச் சரியாக இருக்கும் அந்தப் பாகம் அடுத்த பள்ளத்துக்குத் தாங்குமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

கிரீஸும் புஷ்ஷும் லாரியிலேயே மலிவான சமாசாரங்கள். தடை பணமல்ல, நேரம். சரக்கு சேர வேண்டிய கெடுவுக்குள் ஓடும் டிரைவர், கிளீனர் இல்லாமல் தனியாக வரும்போது, ஸ்டியரிங்கை யார் அசைப்பது, கீழே யார் பார்ப்பது? அந்தப் பத்து நிமிடத்தையும் இன்னொரு ஜோடிக் கண்ணையும் தர வேண்டியவர் உரிமையாளர். ஸ்டியரிங் ஆடுகிறது என்று டிரைவர் சொன்னால், அடுத்த லோடு முடியட்டும் என்று சொல்லாமலிருக்க வேண்டியவரும் அவர்தான்.