அறிமுகம் ஒன்று வேண்டும்!

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மாலை வேளையில் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் பூக்கடையும் துளசி மாலையும். இன்னொரு பக்கம் 'மான்ஷன்' என்று பெயர் தாங்கிய உயரமான விடுதிகள். மாடிக் கைப்பிடிச் சுவரில் துண்டுகள் காய்கின்றன. அறைக்கு இரண்டு பேர், மூன்று பேர். அவர்களில் ஒருவனாவது வேலை தேடிக்கொண்டிருப்பான்.

நம் தாத்தா காலத்தில் இப்படி வேலை தேடி வந்த பையன், எழும்பூரில் ஒரு தகரப் பெட்டியோடு இறங்குவான். பெட்டியில் இரண்டு சட்டை, நாலு சர்ட்டிபிகேட். இவற்றுக்கெல்லாம் அடியில், மடிப்புக் கலையாமல், ஒரு கடிதம். "இதைக் கொண்டுவரும் பையன் நமக்கு மிகவும் வேண்டியவன்" என்று ஊர்ப் பெரியவர் யாரோ பட்டணத்துப் பெரியவர் யாருக்கோ எழுதியது. பெட்டியிலேயே விலை உயர்ந்த சாமான் அதுதான்!

இன்றைய பையனிடம் தகரப் பெட்டி இல்லை. கடிதமும் கைப்பேசிக்குள் போய்விட்டது. ஆனால் தேவை மட்டும் மாறவில்லை. என்னைத் தெரிந்த ஒருவர், என்னைத் தெரியாத ஒருவரிடம், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் காரியத்தையே தொழிலாகக் கொண்டு 2003-ஆம் வருஷம் மே மாதம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டதுதான் 'லிங்க்ட்இன்' என்ற இணையதளம். இருபது வருஷத்தில் அதன் அங்கத்தினர் தொகை 100 கோடியைத் தாண்டிவிட்டது.

"அதெல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளின் சமாசாரம். நமக்கு எதற்கு?" என்று நம் வீட்டுப் பெண்களில் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுக்குவதால் நஷ்டம் யாருக்கு? இதைத் தெரிந்துகொள்ள, இதே திருவல்லிக்கேணியில் நூறு வருஷத்துக்கு முன் வேலை தேடிய ஒருவரைப் பார்த்துவிட்டு வருவோம்.

7, சம்மர் ஹவுஸ்

1912-ஆம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி. சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்கு ஒரு விண்ணப்பம் போகிறது. அனுப்பியவர் விலாசம்: 7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி. வயது 24. மெட்ரிகுலேஷன் தேறியவர், எப்.ஏ. தேறாதவர். குமாஸ்தா வேலை ஒன்று காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அதைத் தமக்கு அளிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். எழுதியவர் பெயர் சீனிவாச ராமானுஜன்!

பிற்காலத்தில் உலகமே போற்றிய கணித மேதைக்கு அந்த 30 ரூபாய் வேலை எப்படிக் கிடைத்தது? சங்கிலியின் கண்ணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள்.

1910-ல் அவர் திருக்கோயிலூருக்குப் போய் டிப்டி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரைச் சந்தித்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். ராமானுஜன் கேட்டது ஒரு சின்ன குமாஸ்தா வேலை. நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த அவரோ, இப்பேர்ப்பட்டவரைத் தாலுக்கா கச்சேரியில் அடைத்துப் போடுவது பாவம் என்று எண்ணிச் சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சென்னையில் பேராசிரியர் சேஷு ஐயர் இருந்தார். ராமானுஜனைக் கும்பகோணம் கல்லூரியிலேயே அறிந்தவர். அவர், அப்போது நெல்லூரில் கலெக்டராயிருந்த ராமச்சந்திர ராவுக்குச் சிபாரிசு செய்தார். ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்து ஆதரித்தார். பிறகு துறைமுக விண்ணப்பத்தோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்டின் சிபாரிசும் சேர்ந்துகொண்டது. துறைமுகத்தில் கணக்குப் பிரிவுத் தலைவராக இருந்த நாராயண ஐயரும் கணிதச் சங்கத்தைச் சேர்ந்தவரே. 1912 மார்ச் முதல் தேதி ராமானுஜன் வேலையில் அமர்ந்தார்.

இந்தச் சங்கிலியில் ஒரு விசேஷம் உண்டு. மாமா, சித்தப்பா, அத்தான் என்று உறவினர் ஒருவர்கூட இதில் இல்லை. நேற்றுவரை முகம் தெரியாதவர், எப்போதோ பழகிய ஆசிரியர், நண்பரின் நண்பர். இவர்கள்தான் கதவைத் திறந்தவர்கள்.

இன்னொரு விசேஷம், ராமானுஜன் வெறுங்கையோடு போகவில்லை. கையில் நோட்டுப் புத்தகம் இருந்தது. 1911-லேயே கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் கட்டுரை வெளியாகியிருந்தது. சிபாரிசு கதவைத் திறக்கும். உள்ளே உட்காரவைப்பது செய்து காட்டிய வேலைதான்.

அத்தானைவிட அடுத்த தெருக்காரர்

அமெரிக்காவில் மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் இதை ஆராய்ந்து 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், "அந்தத் தெரிந்தவரை நீங்கள் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். நூற்றுக்குச் சுமார் 17 பேர்தான் அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார்கள். சுமார் 56 பேர் எப்போதாவது பார்ப்பதாகவும், 28 பேர் அபூர்வமாகத்தான் பார்ப்பதாகவும் சொன்னார்கள்!

காரணத்தை யோசித்தால் நமக்கே விளங்கும். நம்மோடு நெருங்கிப் பழகுகிறவர்களுக்கு, நமக்குத் தெரிந்த செய்திதான் தெரியும். ஒரே கிணற்றில் எல்லோரும் வாளி விட்டால் ஒரே தண்ணீர்தானே வரும்? சற்று விலகி நிற்பவர் வேறு கிணற்றுக்காரர்.

2022-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி இதையே இன்னும் பெரிய அளவில் சோதித்தது. லிங்க்ட்இன் அங்கத்தினர் 2 கோடிப் பேரின் ஐந்து வருஷத் தகவலைப் பார்த்ததில், வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்களும் அல்லர், சற்றும் பழக்கமில்லாதவர்களும் அல்லர். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மிதமான பழக்கக்காரர்களே என்று தெரிந்தது. ராமானுஜனுக்குச் சேஷு ஐயர் இருந்தாரே, அதுமாதிரி!

அனுமந்தராயன் கோயில் தெரு

சரி, ராமானுஜன் கதையைச் சொன்னோம். அவர் மனைவியின் கதை?

ராமானுஜன் 1920-ல் மறைந்தபோது ஜானகி அம்மாளுக்கு 21 வயது. பம்பாயில் சகோதரர் வீட்டில் சில வருஷங்கள் இருந்து தையல் கற்றுக்கொண்டார். பின்பு சென்னைக்குத் திரும்பி, திருவல்லிக்கேணி அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்து, தையல் வேலை செய்தும் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தும் ஜீவனம் நடத்தினார். மறைந்துபோன தோழி ஒருத்தியின் மகனை 1950-ல் எடுத்து வளர்த்து ஆளாக்கினார். 1994-ல்தான் காலமானார்.

கணவருக்குக் கிடைத்த கடிதங்கள் போல இந்த அம்மாளுக்கு யார் எழுதினார்கள்? டிப்டி கலெக்டர், கலெக்டர், பேராசிரியர் என்று ஒருவரையொருவர் அறிந்த உத்தியோகஸ்தர் வட்டம் ஒன்று அன்று இருந்தது. அந்த வட்டத்துக்குள் நுழைந்தவருக்குக் கடிதம் உண்டு. பெண்களுக்கும், பெரிய மனிதர்களைத் தெரியாத ஏழைகளுக்கும் கடிதம் இல்லை. ஒரு பெண்ணின் கைத்திறன், "அந்த மாமி நன்றாகத் தைப்பாள்" என்று வாய்வழியாகத்தான் வெளியே போக முடியும். அது நாலு தெரு தாண்டுவதே அரிது.

இன்றைய இணையதளம் எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. பெரிய கல்லூரிப் பெயருக்கு இன்றும் மதிப்பு அதிகம்தான். ஆனால் பெரிய மனிதர் வீட்டு வாசலில் காவல்காரனைத் தாண்டாமலே கதவைத் தட்ட ஒரு வழி ஏற்பட்டிருக்கிறது. அந்த வழி வீட்டுக் கூடத்திலிருந்தே தொடங்குகிறது. அதுதான் பெண்களுக்கு முக்கியம்.

"இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள்?"

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் ஐந்து வருஷம் வேலை பார்த்த பெண். முதல் குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். பிறகு இரண்டாவது குழந்தை. அப்புறம் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. மறுபடி வேலைக்குப் போக ஆசை, அவசியமும்கூட. ஆனால், "இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்?" என்று பயம்.

மறைக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். குழந்தை வளர்ப்பு, முதியோரைக் கவனித்தல் போன்ற காரணத்தால் வேலையை விட்டிருந்ததை வெளிப்படையாகக் குறிப்பிடவே லிங்க்ட்இன் 2022-ல் ஒரு தனிப் பகுதி ஏற்படுத்தியது. இப்படித் திரும்பி வரும் பெண்களுக்காக டாட்டா குழுமம் 2008-லேயே ஒரு திட்டம் தொடங்கியது. நம் சென்னையிலேயே சௌந்தர்யா ராஜேஷ் 2000-ல் தொடங்கிய 'அவதார்' நிறுவனம் இத்தகைய பெண்களுக்கு வழிகாட்டிவருகிறது. ஆகவே நீங்கள் தனி ஆள் அல்ல.

எப்படித் தொடங்குவது?

'நௌக்ரி' போன்ற தளங்கள் பத்திரிகையின் 'ஆட்கள் தேவை' பத்தி மாதிரி. லிங்க்ட்இன் அப்படி மட்டும் அல்ல. அது ஊர்த் திண்ணை. விளம்பரமும் இருக்கும், நாலு பேர் வந்து உட்கார்ந்து பேசவும் செய்வார்கள். திண்ணைக்கு வருமுன் செய்யவேண்டியவை சில:

முதலில் தலைப்பு வரி. ஆள் தேடும் அதிகாரிகள் கோடிக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகப் படிப்பதில்லை. வேலையின் பெயரைக் கொடுத்துத் தேடுகிறார்கள். எனவே "உழைப்பாளி, நேர்மையானவள்" என்று எழுதிப் பயனில்லை. "கணக்குப் பிரிவில் 5 வருஷ அனுபவம், டாலி, ஜி.எஸ்.டி., சம்பளப் பட்டியல்" என்று எழுதினால் அவர் வலையில் உங்கள் பெயர் விழும்.

இரண்டாவது, உங்கள் 'நோட்டுப் புத்தகம்'. செய்த வேலையை எண்ணிக்கையோடு சொல்லுங்கள். எத்தனை பேர் சம்பளக் கணக்கைப் பார்த்தீர்கள்? வேலையை விட்டபின் என்ன கற்றீர்கள்? பழைய மேலதிகாரி ஒருவர் நாலு வரி சிபாரிசு எழுதினால், அது மிடில்மாஸ்ட் துரையின் கடிதத்துக்குச் சமானம்.

மூன்றாவது, பழைய மனிதர்கள். கல்லூரித் தோழி, முன்பு பக்கத்து நாற்காலியில் இருந்தவர், பயிற்சி வகுப்பு ஆசிரியை. இவர்களைத் தேடிப் பிடியுங்கள். எடுத்த எடுப்பில் "வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் சங்கடம். இப்படி எழுதலாம்:

"வணக்கம். 2014-ல் நாம் ஒரே பிரிவில் வேலை பார்த்தோம். குடும்பப் பொறுப்பினால் ஒன்பது வருஷம் வீட்டில் இருந்தேன். இப்போது ஜி.எஸ்.டி. கணக்குக் கற்று முடித்திருக்கிறேன். உங்கள் கம்பெனியில் இந்த வேலைக்கு என்னென்ன எதிர்பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, பதினைந்து நிமிஷம் பேசலாமா?"

பதில் வராவிட்டால் மனம் தளர வேண்டாம். ராமானுஜன் பேராசிரியர் ஹார்டிக்கு 1913-ல் எழுதிய கடிதம் பிரசித்தம். ஆனால் கேம்பிரிட்ஜில் வேறு இரண்டு பேராசிரியர்களுக்கும் எழுதி, அவர்களிடமிருந்து உதவி கிடைக்கவில்லை என்பது அவ்வளவு பிரசித்தமல்ல!

ஜாக்கிரதை!

திண்ணை என்றால் திருடனும் வந்து உட்காருவான் அல்லவா? 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகள் பலர் மியான்மாருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூட்டங்களிடம் சிக்கினார்கள். தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் உண்டு. அழைப்பு வந்ததோ சமூக வலைத்தள விளம்பரங்களின் வழியாகவும் ஏஜெண்டுகளின் வழியாகவும்.

ஒரு விதியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: வேலை கொடுப்பவர் சம்பளம் கொடுப்பார், பணம் கேட்கமாட்டார். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், 'லாப்டாப்' டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் விலகிவிடுங்கள். ஆதார் எண், வீட்டு விலாசம், பாங்க் கணக்கு ஆகியவற்றைப் பக்கத்தில் போடாதீர்கள். கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அந்த வேலை அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

எல்லாம் சொல்லியாயிற்று. ஒன்று பாக்கி. உங்களுக்கு ஏற்கெனவே நல்ல உத்தியோகம் இருக்கலாம். அப்படியானால் இன்றைக்கு ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு காலத்தில் உங்களோடு வேலை பார்த்து, இப்போது வீட்டோடு இருக்கும் ஒரு சிநேகிதியின் பக்கத்தைத் தேடி, "இவள் வேலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்" என்று நாலு வரி எழுதுங்கள். உங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. அனுமந்தராயன் கோயில் தெருவில் தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணிக்கு யாரும் எழுதாத கடிதம் அதுதான்.